கொடி விழுந்த இடத்திலிருந்து அளக்காதீர்கள்: புதிய ஃபுட்பால் நடுவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆகஸ்ட் வந்தால் நியூ ஜெர்சி பள்ளி மைதானங்களில் அமெரிக்கன் ஃபுட்பால் பயிற்சி ஆட்டங்கள் தொடங்கிவிடும். அந்த வருஷம் புதிதாகச் சேர்ந்த நடுவர்களை எங்களைப் போன்ற பழைய ஆட்களோடு நிறுத்திப் பழக்குவார்கள். வரிச்சட்டை, தொப்பி, இடுப்பில் செருகிய மஞ்சள் கொடி எல்லாம் பளிச்சென்று இருக்கும். முதல் கொடி விழும்வரை ஆளும் தெளிவாகத்தான் இருப்பார். பெனால்டி எத்தனை யார்டு என்பது எல்லோருக்கும் மனப்பாடம். அந்த யார்டுகளை எங்கிருந்து அளப்பது, அடுத்தது எத்தனையாவது டவுன், பந்து யாருக்கு என்று கேட்டால் முழிப்பார்கள். நாங்களும் ஒரு காலத்தில் அப்படி முழித்தவர்கள்தான்.

நம் பிள்ளைகள் சிலர் இங்கே இந்த ஆட்டம் ஆடுகிறார்கள். கல்லூரியில் படிக்கும் சிலர் கைச்செலவுக்காக நடுவர் வேலைக்கும் வருகிறார்கள். அவர்களுக்காகவும், கேலரியில் உட்கார்ந்து ‘ஏன் அங்கிருந்து அளக்கிறார்கள்?’ என்று குழம்பும் பெற்றோருக்காகவும் இதை எழுதுகிறேன். விசிலை அவசரப்பட்டு ஊதுவது, சைகையை மாற்றிக் காட்டுவது, கொடியை வீட்டில் வைத்துவிட்டு வருவது இதையெல்லாம் விட்டுவிடுகிறேன். ஒரு தடவை மானம் போனால் தானாகச் சரியாகிவிடும்.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. மைதானம் 100 யார்டு. இரு பக்கக் கோல் கோட்டிலிருந்தும் எண்கள் 10, 20 என்று ஏறி நடுவில் 50-இல் சந்திக்கும். பந்து வைத்திருக்கும் அணிக்கு 4 வாய்ப்பு, ஒவ்வொன்றும் ஒரு டவுன். அதற்குள் 10 யார்டு முன்னேறினால் மறுபடி முதல் டவுன், இல்லாவிட்டால் பந்து எதிரணிக்கு. தவறு செய்த அணிக்குப் பாதகமாகப் பந்தை 5, 10 அல்லது 15 யார்டு நகர்த்துவதுதான் பெனால்டி.

டிவி விதியோடு பள்ளி மைதானத்தில் நிற்பது

இந்த ஆட்டத்துக்கு விதிப் புத்தகம் மூன்று உண்டு. தொழில்முறை லீகான என்எஃப்எல் தனக்கென்று ஒன்று வைத்திருக்கிறது. கல்லூரிகளுக்கு என்சிஏஏ போடுவது இன்னொன்று. பள்ளிகளுக்கு என்எஃப்ஹெச்எஸ் என்ற தேசியக் கூட்டமைப்பு போடுவது மூன்றாவது. டெக்சாஸில் பள்ளி ஆட்டமே கல்லூரி விதியில்தான் நடக்கிறது. புதியவர் ஞாயிற்றுக்கிழமை டிவியில் பார்த்து வளர்ந்தவர். அவர் தலைக்குள் இருப்பது என்எஃப்எல் புத்தகம்.

நான்காவது டவுன், இன்னும் 20 யார்டு வேண்டும். நீளமாகப் பந்தை எறிகிறார்கள். 30 யார்டு தள்ளி, பந்தைப் பிடிக்கப் போகும் ரிசீவரைத் தடுப்பு வீரர் இடித்துத் தள்ளுகிறார். பாஸ் இன்டர்ஃபியரன்ஸ், சந்தேகமே இல்லை. என்எஃப்எல்லாக இருந்தால் இடித்த இடத்திலேயே பந்து, கூடவே முதல் டவுன். பள்ளி விதியில் ஆட்டம் தொடங்கிய இடத்திலிருந்து 15 யார்டு, அவ்வளவுதான். தானாக முதல் டவுன் கிடைக்கும் சலுகையை 2013-இல் எடுத்துவிட்டார்கள். ஆகவே மறுபடி நான்காவது டவுன், இன்னும் 5 யார்டு. கேலரியில் அப்பாக்கள் எழுந்து நின்று கத்துவார்கள். அவர்கள் கத்தலாம், டிவி பார்த்து வந்தவர்கள். நடுவரும் அதே டிவியை நம்பி முதல் டவுன் கொடுத்துவிட்டால்தான் வம்பு.

தடுக்கும் அணி செய்யும் ஹோல்டிங்கும், அதாவது எதிராளியைப் பிடித்து இழுப்பதும், இப்படித்தான். என்எஃப்எல்லில் 5 யார்டு, ஆனால் முதல் டவுன் நிச்சயம். பள்ளியில் 10 யார்டு, முதல் டவுன் தானாக வராது. பள்ளிப் புத்தகத்தில் தானாக முதல் டவுன் தரும் தவறுகள் நான்கே நான்கு: பந்து எறிபவர், உதைப்பவர், உதைக்கப் பிடித்துக் கொடுப்பவர், ஸ்னாப் செய்பவர் (கோட்டிலிருந்து பந்தைப் பின்னால் கொடுத்து ஆட்டத்தைத் தொடங்குபவர்) ஆகியோர்மேல் முரட்டுத்தனமாகப் பாய்வது. இந்த நான்கை மட்டும் மனப்பாடம் செய்தால் போதும். மற்றதற்கெல்லாம் யார்டு கணக்குத்தான் பதில் சொல்லும்.

இதில் அதிகம் சத்தம் கிளப்புவது என்க்ரோச்மென்ட். ஸ்னாப்புக்கு முன்பே தடுப்பு வீரர் பந்து இருக்கும் கோட்டைத் தாண்டி வந்துவிடுகிறார். டிவியில் பல நேரம் ஆட்டம் தொடரும். தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக் தைரியமாக நீளப் பந்து எறிவார், கிரிக்கெட்டில் நோ-பால் சத்தம் கேட்ட பேட்ஸ்மேன் சுற்றுவதுபோல. பள்ளி விதியில் அந்தப் பேச்சே கிடையாது. அது பந்து உயிர்பெறும் முன்பே நடந்த தவறு, உடனே விசில், ஆட்டம் தொடங்கவே இல்லை. போன சீசனில் ஒரு பையன் கொடியை வீசிவிட்டு விசிலை வாயில் வைத்தபடி வேடிக்கை பார்த்தான். 60 யார்டு டச்டவுன். பேண்டு வாத்தியம் முழங்குகிறது. அதை ரத்து செய்து, 5 யார்டு மட்டும் நகர்த்தி, மறுபடி ஆடுங்கள் என்று அந்த கோச்சிடம் போய்ச் சொல்லும் வேலை வெள்ளைத் தொப்பிக்காரர் தலையில் விழுந்தது. வெள்ளைத் தொப்பி போடுபவர்தான் குழுவின் தலைமை நடுவர், ரெஃப்ரீ. அவர் அன்று வாங்கிய திட்டு அவருக்கே உரியதல்ல.

கொடி விழுந்த இடத்திலிருந்து அளப்பது

இதைத்தான் சொல்ல வந்தேன். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இது ஒன்றுதான்.

கொடியின் கதை தெரிந்தால் பாதித் தெளிவு வந்துவிடும். 1941-க்கு முன்னால் நடுவர்கள் தவறைக் கண்டால் ஊதுகுழலோ விசிலோ ஊதுவார்கள். கூட்டத்துக்கு ஒன்றும் புரியாது. யங்ஸ்டவுன் கல்லூரி கோச் ட்வைட் பீடி, எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி ஒரு துணியை வீசினால் என்ன என்று யோசித்தார். அவர் மனைவி இர்மா தைத்துக் கொடுத்தார். அந்த அக்டோபரில் ஓக்லஹோமா சிட்டி பல்கலைக்கழகத்தோடு நடந்த ஆட்டத்தில் முதல் கொடி விழுந்தது. ‘தவறு நடந்திருக்கிறது, பாருங்கள்’ என்று ஊருக்குச் சொல்ல வந்த துணி அது. அளவுகோலின் ஒரு முனை எங்கே என்று அது சில நேரம்தான் சொல்லும். மற்ற நேரமெல்லாம் சும்மா கிடக்கும்.

எங்கிருந்து அளப்பது என்பதைத் தீர்மானிப்பது பந்தின் நிலை. தவறு நடந்த நொடியில் பந்து ஒருவர் கையில் இருந்து அவர் ஓடிக்கொண்டிருந்தாரா, இல்லை பாஸாக, உதையாக, கைநழுவிய பந்தாக யாருக்கும் சொந்தமில்லாமல் இருந்ததா? இதை வைத்து ஒரு அடிப்படை இடம் குறிக்கிறோம், பேசிக் ஸ்பாட் என்பது அதுதான். ஓட்டமாக இருந்தால் அந்த ஓட்டம் முடிந்த இடம். கோட்டுக்குப் பின்னாலிருந்து எறிந்த சட்டப்படியான பாஸாக இருந்தால் ஸ்னாப் நடந்த இடம். பாஸ் எறிவதற்கு முன் குவார்ட்டர்பேக் பந்தோடு அங்குமிங்கும் ஓடிய நேரமும் பாஸ் கணக்கில்தான் சேரும். அப்புறம் ஒரே ஒரு விலக்கு: பந்து வைத்திருக்கும் அணி அந்த அடிப்படை இடத்துக்குப் பின்னால் தவறு செய்திருந்தால், தவறு நடந்த இடத்திலிருந்து அளக்க வேண்டும். மற்றவை எல்லாம் அடிப்படை இடத்திலிருந்து. ஒன்றைத் தவிர எல்லாம் என்றே நாங்கள் இதைச் சொல்லிக்கொடுப்போம்.

எண் போட்டுப் பார்ப்போம். முதல் டவுன், 10 யார்டு வேண்டும், பந்து தன் பக்க 30-இல். வீரர் பந்தோடு ஓடி 48 வரை போகிறார். வழியில் 40-இல் அவர் அணிக்காரரே ஒருவரைப் பிடித்து இழுத்துவிடுகிறார். ஓட்டம், ஆகவே அடிப்படை இடம் 48. தவறு தாக்கும் அணியுடையது, 48-க்குப் பின்னால் நடந்தது. விலக்கு பொருந்துகிறது. 40-இலிருந்து 10 யார்டு பின்னால், பந்து 30-க்கு வருகிறது. மறுபடி முதல் டவுன், 10 யார்டு. இங்கே கொடி கிடந்த இடமும் அளக்கும் இடமும் ஒன்றாகிவிட்டன. புதியவர் மனதில் இந்தக் காட்சிதான் பதிந்துபோகிறது. அங்கேதான் விஷம் ஏறுகிறது.

இப்போது அதே ஓட்டம், அதே 48. ஆனால் பிடித்து இழுத்தது தடுக்கும் அணிக்காரர், 35-இல். அவர் அணியின் தவறுக்கு விலக்கு கிடையாது. 48-இலிருந்து 10 யார்டு முன்னால், எதிரணிப் பக்க 42-இல் முதல் டவுன். எங்கள் குழுவில் ஒரு தமிழ்ப் பையன், கெட்டிக்காரன், பக்கக் கோட்டில் லைன் ஜட்ஜாக நின்றவன், 35-இல் கிடந்த தன் கொடியிலிருந்து காலடி எண்ண ஆரம்பித்தான்.

“எங்கே தம்பி போறே?”

“ஃபவுல் இங்கதானே அங்கிள் நடந்துச்சு? 35 பிளஸ் 10, 45.”

“அவன் ஃபவுலே பண்ணலேன்னா பந்து 48-ல இருந்திருக்கும். நீ பெனால்டி போட்டு 45-க்குக் கொண்டுவர்றியே, தண்டனை யாருக்கு?”

ஒரு நிமிஷம் நின்றான். பிறகு சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்பு வந்துவிட்டால் அந்தப் பையனிடம் மறுபடி இதைச் சொல்ல வேண்டியிருக்காது.

எல்லா இடத்திலும் சிரிப்போடு முடிவதில்லை. நண்பர் மகன் ஆடிய ஓர் ஆட்டத்தைப் பார்க்க நான் கேலரியில் உட்கார்ந்திருந்தேன். வேறு நடுவர் குழு. மூன்றாவது டவுன், இன்னும் 12 யார்டு, பந்து தன் பக்க 30-இல். பையன்கள் ஓடி 40-ஐத் தொட்டார்கள், 2 யார்டு குறை. ஆனால் ஓட்டத்தின்போது 31-இல் தடுக்கும் அணி ஹோல்டிங். 40-இலிருந்து 10, பந்து நடுக்கோட்டில், முதல் டவுன். அதுதான் விதி. அந்தக் குழு கொடியிலிருந்து 10 எண்ணி 41-இல் பந்தை வைத்தது. மூன்றாவது டவுன், 1 யார்டு. அடுத்த ஸ்னாப்பில் பந்து கைநழுவி எதிரணிக்குப் போனது. அந்த ஆட்டத்தை அந்தப் பையன்கள் தோற்றார்கள். அந்த ஒரு தவறால்தான் தோற்றார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நடுக்கோட்டில் முதல் டவுனோடு நின்றிருக்க வேண்டியவர்கள் அவர்கள். ஐந்து நடுவர்களில் ஒருவர்கூட ‘பந்து எங்கே இருந்தது’ என்று வாய்திறந்து கேட்கவில்லை. இதை எழுதும்போதும் பல்லைக் கடிக்கிறேன்.

அந்த கோச்சுக்கும் ஒரு வழி இருந்தது, அவர் பயன்படுத்தவில்லை. விதியைத் தவறாகப் பொருத்திவிட்டார்கள் என்று பட்டால் கோச் டைம்-அவுட் கேட்டு ரெஃப்ரீயோடு பேசலாம். கோச் சொன்னது சரியென்றால் அந்த டைம்-அவுட் கணக்கில் வராது. ஆனால் அடுத்த ஸ்னாப்புக்கு முன்னால் கேட்க வேண்டும். பந்து மறுபடி உயிர்பெற்றுவிட்டால் கதவு மூடியாயிற்று. இதில் பேச முடிவது விதியைப் பற்றி மட்டும்தான். ‘அது ஹோல்டிங்கே இல்லை’ என்ற சண்டைக்கு இங்கே இடமில்லை.

பாஸ் ஆட்டத்தில் இன்னும் நுணுக்கம். பந்து தன் பக்க 30-இல். பாஸ் எறிகிறார்கள், 45-இல் பிடிக்கிறார் ரிசீவர், அங்கிருந்து ஓடி எதிரணிப் பக்க 40 வரை போகிறார். தடுக்கும் அணி ஒரு ஹோல்டிங் செய்திருக்கிறது. பந்தைப் பிடிப்பதற்கு முன்பா, பின்பா? முன்பு என்றால் ஸ்னாப் நடந்த 30-இலிருந்து 10 யார்டு, தன் பக்க 40. அதை யார் ஏற்பார்கள்? மறுத்துவிட்டு ஆட்டத்தின் பலனை எடுத்துக்கொள்வார்கள். பின்பு என்றால் அது ஓட்டம். ஓட்டம் முடிந்த இடத்திலிருந்து 10, எதிரணிப் பக்க 30. அரை நொடி வித்தியாசம், 10 யார்டு லாபம். ஆகவே கொடி வீசும்போது என்ன தவறு என்பதோடு பந்து அப்போது எங்கே, யார் கையில் என்பதையும் சேர்த்து மனதில் பிடித்துக்கொள்ள வேண்டும். ரெஃப்ரீயிடம் வந்து “ஹோல்டிங், 54-ஆம் எண்” என்று மட்டும் சொன்னால் பாதிச் செய்திதான் சொன்னீர்கள்.

பந்து கைநழுவும் ஆட்டத்தில் கொடியைவிட முக்கியமானது பீன் பேக். இடுப்பில் தொங்கும் அந்தச் சின்னப் பை அலங்காரத்துக்கு இல்லை, பந்து நழுவிய இடத்தைக் குறிக்கக் கீழே போடுவதற்கு. 30-இல் தொடங்கிய ஓட்டம், 44-இல் பந்து நழுவுகிறது, உருண்டு 49-இல் சொந்த அணிக்காரரே விழுந்து பிடிக்கிறார். பந்து உருளும்போது தடுக்கும் அணி ஹோல்டிங். எங்கிருந்து? கோட்டைத் தாண்டி நழுவியதால் இதுவும் ஓட்டக் கணக்குத்தான், அந்த ஓட்டம் பந்து கையைவிட்ட 44-இல் முடிந்துவிட்டது. அங்கே யாரும் பை போடவில்லை என்றால் ஐந்து பேரும் புல்லைப் பார்த்துக்கொண்டு நிற்பீர்கள்.

பந்தை எதிரணிக்கு உதைத்துவிடும் பண்ட் உதையில் நடக்கும் விபத்துதான் எல்லாவற்றிலும் விலை அதிகம். உதைக்கும் அணி தன் பக்க 40-இல், நான்காவது டவுன், 8 யார்டு வேண்டும். உதைத்த பந்து காற்றில் இருக்கும்போது, வாங்கும் அணி தன் பக்க 25-இல் ஹோல்டிங் செய்கிறது. பந்தை 20-இல் பிடித்து 35 வரை ஓடுகிறார்கள். ஸ்னாப் இடத்திலிருந்து அளந்தால் 10 யார்டு சேர்ந்து, உதைத்த அணிக்கே மறுபடி முதல் டவுன். பந்தை விட்டுக்கொடுத்துவிட்டுப் போனவர்கள் கையில் பந்தைத் திருப்பிக் கொடுப்பது போல. இதற்கென்றே தனி விதி இருக்கிறது: தவறு கோட்டைத் தாண்டி நடந்து, பந்து அடுத்தும் வாங்கிய அணியிடமே இருக்கப்போகிறது என்றால், உதை முடிந்த இடம்தான் அடிப்படை. 20-இலிருந்து 10 பின்னால், பந்து 10-இல், வாங்கிய அணிக்கே. அதே ஹோல்டிங், அதே 25, ஆனால் பந்தைப் பிடித்துத் திரும்ப ஓடும்போது நடந்திருந்தால்? ஓட்டம் முடிந்தது 35, தவறு அதற்குப் பின்னால், 25-இலிருந்து அளந்து 15-இல் வைப்போம். ஒரே புல்தரையில் ஒரே தவறு, இரண்டு விடை. கொடி இரண்டு தடவையும் அதே இடத்தில்தான் கிடக்கும்.

பழைய ஆட்களுக்கும் ஒரு எச்சரிக்கை. தாக்கும் அணி ஸ்னாப் கோட்டுக்குப் பின்னால் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவற்றை 2023 முதல் பள்ளி விதி ஸ்னாப் இடத்திலிருந்தே அளக்கச் சொல்கிறது. முன்பெல்லாம் 10 யார்டு பின்னால் குவார்ட்டர்பேக்கைக் காப்பாற்றப் பிடித்து இழுத்தால், அங்கிருந்து இன்னொரு 10. ஒரு ஹோல்டிங்குக்கு 20 யார்டு போய்விடும். அந்தக் கொடுமையைத்தான் நீக்கினார்கள். என்னோடு நிற்கும் சில மூத்தவர்கள் இன்னும் பழக்க தோஷத்தில் பின்னால் போய் அளக்கத் தொடங்குகிறார்கள். புத்தகம் வருஷா வருஷம் மாறுகிறது, வாங்கிப் படியுங்கள்.

இரண்டு கொடி விழுந்தால் உடனே ‘ஆஃப்செட்’ என்பது

இரு அணியும் தவறு செய்தால் ஒன்றுக்கொன்று கழிந்துபோகும், டவுனை மறுபடி ஆட வேண்டும் என்பது பாதி உண்மை. இரண்டும் பந்து உயிரோடு இருக்கும்போது நடந்திருந்தால் சரி. ஒன்று ஆட்டத்தின்போது, இன்னொன்று விசிலுக்குப் பிறகு என்றால் கழிக்க முடியாது. நடந்த வரிசையில் தனித்தனியாக அளக்க வேண்டும்.

பந்து தன் பக்க 30-இல், முதல் டவுன். தாக்கும் அணி கோட்டுக்குப் பின்னால் ஹோல்டிங். விசில் அடித்த பிறகு தடுக்கும் அணிக்காரர் கோபத்தில் ஒருவரைத் தள்ளிவிடுகிறார். முதலில் 10 பின்னால், 20-க்கு. அப்புறம் 15 முன்னால், 35-க்கு. முதல் டவுன், இன்னும் 5 யார்டு. ஆஃப்செட் என்று சொல்லியிருந்தால் 30-இல் 10 யார்டு என்றே இருந்திருக்கும். தள்ளியவன் அணி தப்பித்திருக்கும்.

ஆட்ட நடுவில் பந்து கைமாறினால் இன்னொரு கேள்வி சேர்ந்துகொள்ளும். பாஸை இடைமறித்துப் பிடித்த அணி, பிடிப்பதற்கு முன்பே தவறு செய்திருந்தால், எதிரணி பெனால்டியை ஏற்றுப் பந்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளும். பிடித்த பிறகுதான் தவறு என்றால் பந்து அவர்களிடமே இருக்கும், யார்டு மட்டும் போகும். இரு அணியும் தவறு செய்திருந்தாலும், கடைசியாகப் பந்தைப் பெற்ற அணி பெறும்வரை கை சுத்தமாக இருந்ததா என்றுதான் பார்ப்போம்.

கடைசி விநாடியில் விதியைப் பாதி படிப்பது

2016 செப்டம்பர் 10. ஸ்டில்வாட்டரில் ஓக்லஹோமா ஸ்டேட், சென்ட்ரல் மிச்சிகன் கல்லூரி ஆட்டம். ஓக்லஹோமா ஸ்டேட் 27-24 என்று முன்னிலை, 4 விநாடி மிச்சம், நான்காவது டவுன். குவார்ட்டர்பேக் மேசன் ருடால்ஃப் நேரம் கழியட்டும் என்று யாரும் இல்லாத பக்கம் பந்தை உயரமாக எறிந்துவிட்டார். கடிகாரம் பூஜ்யம். கொடி விழுந்தது: இன்டென்ஷனல் கிரவுண்டிங், வேண்டுமென்றே வெற்றிடத்தில் எறிந்தது. கொடி சரிதான்.

காலம் முடிந்த ஆட்டத்தில் தவறு நடந்து, பெனால்டியை ஏற்றுக்கொண்டால் கடிகாரம் இல்லாமல் இன்னொரு டவுன் கொடுக்க வேண்டும். இதை எல்லா நடுவருக்கும் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். அன்றைய குழுவும் அப்படியே கொடுத்தது. சென்ட்ரல் மிச்சிகன் நீளமாக எறிந்தது. பிடித்தவர் கீழே விழும்முன் பக்கத்தில் வந்தவரிடம் தள்ளிவிட, அவர் ஓடிப் போய் எண்ட் ஜோனில் விழுந்தார். 51 யார்டு, 30-27, ஆட்டம் முடிந்தது.

அந்த விதிக்கு ஒரு வால் இருக்கிறது. பெனால்டியில் டவுன் இழப்பும் அடங்கியிருந்தால் நேரம் நீளாது. கிரவுண்டிங்குக்கு டவுன் இழப்பு உண்டு. அந்த டவுன் கொடுத்திருக்கவே கூடாது, ஆட்டம் 27-24-இல் முடிந்திருக்க வேண்டும். மைதான நடுவர்களையும் ரீப்ளே அறைக் குழுவையும் இரண்டு ஆட்டங்களுக்கு நிறுத்திவைத்தார்கள். முடிவு மாறவில்லை, இன்றும் சென்ட்ரல் மிச்சிகன் வென்றதாகத்தான் பதிவு.

அந்தக் குழுவை நான் பரிகசிக்க மாட்டேன். விதி தெரியாதவர்கள் அல்ல அவர்கள். முதல் வாக்கியம் நன்றாகத் தெரிந்திருந்ததால் இரண்டாவது வாக்கியம் நினைவுக்கு வரவில்லை. பள்ளிப் புத்தகத்திலும் இதே வால் உண்டு. டவுன் இழப்பு உள்ள தவறு, விளையாட்டுப் பண்பற்ற நடத்தை போன்றவற்றுக்குக் கால்பகுதியை நீட்டக் கூடாது. எங்கள் குழுவில் ஒவ்வொரு கால்பகுதியின் கடைசி நிமிடத்திலும் ஒருவர் இன்னொருவரிடம் இதைச் சத்தமாகச் சொல்லுவார். கேட்பவருக்குச் சலிப்பாக இருக்கும், பரவாயில்லை.

கண்ணில் பட்ட ஹோல்டிங்குக்கெல்லாம் கொடி வீசுவது

தேடினால் ஒவ்வொரு ஸ்னாப்பிலும் ஒரு ஹோல்டிங் கிடைக்கும். ஓட்டம் வலப்பக்கம் போகும்போது இடக்கோடியில் இரண்டு பேர் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றால், அதனால் யாருக்கு என்ன லாபம்? ஓட்டம் போகும் வழியில், தடுப்பவர் விடுபட்டுப் போயிருப்பார் என்கிற இடத்தில் நடந்ததா என்று பாருங்கள். முழுச் செயலையும் பாருங்கள், தொடக்கத்தை மட்டும் பார்த்துக் கொடியில் கை வைக்காதீர்கள். சந்தேகம் என்றால் கொடி வேண்டாம்.

உடம்புக்கு ஆபத்தான தவறுகளுக்கு இந்தத் தாராளம் கிடையாது. பந்து எந்த மூலையில் இருந்தாலும் கொடி.

முகக்கம்பி

ஹெல்மெட்டின் முகக்கம்பியை விரல் பட்டுப் பிடித்துவிட்டால் 5 யார்டு, பிடித்துத் திருகினால் இழுத்தால் 15. என்எஃப்எல்லில் 5 யார்டு வகை 2008-இலேயே போய்விட்டது, பள்ளியில் இன்னும் இருக்கிறது.

பாதித் தூரம்

எதிரணியின் 8-இல் அவர்கள் ஹோல்டிங் செய்தால் மிச்சத் தூரத்தில் பாதிதான்: பந்து 4-க்குப் போகும், கோல் கோட்டைத் தாண்டாது.

கேப்டனைக் கேட்காமல் முடிவு செய்வது

கூடாது. லாபம் எது என்று உங்களுக்குத் தெளிவாகத் தெரிந்தாலும், கேளுங்கள்.

பெனால்டி முடிந்ததும் டவுன் எண்ணை விட்டுவிடுவது

யார்டு கணக்கிலேயே மூளை போய்விடும், இது முதல் டவுனா, இரண்டாவதா என்பது காற்றோடு போகும். 1990 அக்டோபர் 6-இல் கொலராடோவும் மிசௌரியும் ஆடியபோது பெனால்டிகூட இல்லை. ஒரு டைம்-அவுட்டுக்குப் பிறகு டவுன் காட்டும் கம்பத்தை மாற்ற மறந்தார்கள். கொலராடோ ஐந்தாவது டவுன் ஆடி 33-31 என்று ஜெயித்தது. அந்த வருஷ தேசியப் பட்டத்தில் பங்கும் அவர்களுக்கு வந்தது.

நாங்கள் விரல்களில் ஒரு ரப்பர் வளையம் மாட்டிக்கொள்வோம், எத்தனையாவது டவுனோ அந்த விரலில். பெனால்டி அளந்து முடிந்ததும் அந்த வளையத்தை நகர்த்தாதீர்கள், முதலில் டவுன் மறுபடி ஆடப்படுகிறதா, இழக்கப்படுகிறதா, புதிதாகத் தொடங்குகிறதா என்று ரெஃப்ரீ வாயால் சொல்ல வேண்டும். சொன்ன பிறகு ஐந்து பேரும் கையைத் தூக்கி விரல் காட்டுங்கள். ஒரு கை மாறியிருந்தாலும் ரெடி விசில் ஊதக் கூடாது. கோச் கத்துவார், கேலரி கூச்சலிடும், நின்று எண்ணுங்கள்.